பத்தாயிரத்தில் ஒருவர்

பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் டிரங்க் ரோடில் மேற்கே போய், செம்பரம்பாக்கத்தில் தெற்கே திரும்பினால் ஏரிக்கரை வந்துவிடும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தக் கரைமேல் நின்று பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். ஏரி நிறைந்தால் 24 அடி. அடங்குகிற தண்ணீர் 3,645 மில்லியன் கன அடி. சென்னைப் பட்டணத்தின் குடம் இங்கேதான் இருக்கிறது. எழுத ஒன்றும் தோன்றாத நாட்களில் நான் இங்கே வந்து நிற்பேன். எழுதத் தோன்றுகிறதோ இல்லையோ, காற்று நன்றாக இருக்கும்.

திரும்புகிற வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். டீ ஆற்றும்போது அவருடைய இடது புஜத்தில் இரண்டு வட்டத் தழும்புகள் ஏறி இறங்கும். அக்காலத்தில் அம்மை குத்தியதன் அடையாளம். அவருடைய பேரன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். ஓய்வு நாட்களில் கடையில் தாத்தாவுக்கு ஒத்தாசை. ஒரு நாள் பேச்சு எப்படியோ கொரோனாக் காலத்துக்குப் போயிற்று.

"இவன் ஊசி போட்டுக்க மாட்டேன்னு அப்போ ஏரிக்கரையிலே போய் ஒளிஞ்சிக்கிட்டான் சார்" என்றார் பெரியவர்.

"பின்ன என்ன தாத்தா? விவேக் சாருக்கு என்னா ஆச்சு? முந்தின நாளு போட்டாரு. மறுநாளு ஹார்ட்டு நின்னுபோச்சு."

பெரியவர் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினார். "எனக்குந்தான் குத்தினான், பாரு, ரெண்டு. இத்தினி வருசம் ஆவுது. ஹார்ட்டு ஓடிக்கினுதானே இருக்குது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க புஸ்தகம் எழுதறவங்க. நீங்களே சொல்லுங்க சார். ஊசி போட்டா ஹார்ட்டு கெடுமா, கெடாதா?"

"கெடாது" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை, அது முழு உண்மை அல்ல. "கெடும்" என்று சொன்னாலோ, அது அதைவிடப் பெரிய பொய். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. "அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று நான் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பையனுடைய கேள்விக்கு வருகிறேன். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி, ஓமந்தூரார் தோட்டத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கோவாக்சின் ஊசி போட்டுக்கொண்டார். ஜனங்களுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை வீட்டில் மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி விடியற்காலையில் காலமானார். வயது 59. நாட்டையே சிரிக்க வைத்த மனிதர். ஊர் ஊராய் மரக்கன்று நட்டவர். அந்தச் சாவு தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊசி போட வரிசையில் நின்றவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

டாக்டர்கள் பார்த்தபோது இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் ஒன்று முழுவதுமாக அடைபட்டிருந்தது. அத்தகைய அடைப்புக்கு வேண்டிய கொழுப்பு ஒரு ராத்திரியில் சேர்வதில்லை. வருஷக் கணக்கில் படிவது. தேசிய மனித உரிமை ஆணையம்வரை புகார் போயிற்று. தடுப்பூசிக்குப் பின் நேரும் தீங்குகளை ஆராய்கிற மத்திய சர்க்காரின் குழு விசாரித்து, 2021 அக்டோபரில் முடிவு சொன்னது: மரணத்துக்கு ஊசி காரணமல்ல, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தன, அவ்வளவே.

ஆகவே கதை முடிந்தது என்று எழுந்துவிடலாம். ஆனால் முடியவில்லை. இருதயத்துக்கு வரும் கேடு ஒரே மாதிரியானது அல்ல. வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் தூர்ந்துபோவது ஒன்று. வாய்க்கால் நன்றாக இருந்தும் பயிரிலேயே நோய் விழுவது வேறொன்று. விவேக்குக்கு நேர்ந்தது முதல் வகை. இரண்டாவது வகைக்கு டாக்டர்கள் மயோகார்டைட்டிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; இருதயத் தசையின் அழற்சி. தசை வீங்கிச் சூடு கொள்கிறது. நெஞ்சு வலிக்கும், மூச்சு வாங்கும், துடிப்பு தாளம் தப்பும். இருதயத்தைச் சுற்றியுள்ள உறையிலும் இப்படி வரலாம். பெரும்பாலும் ஜுரம் உண்டாக்கும் கிருமிகளால் வருவது. சில நாளில் அடங்குவதும் உண்டு, உயிரைக் கொண்டுபோவதும் உண்டு.

இந்த இரண்டாவது வகைக்கும் தடுப்பூசிக்கும் உறவு உண்டா? உண்டு. மிக அபூர்வமாக, சில ஊசிகளுக்கு, சில வயதினருக்கு. அது தெரியவந்த கதை, பெரியவருடைய புஜத்துத் தழும்பிலிருந்து தொடங்குகிறது.

பெரியம்மையை நாம் நோய் என்று சொன்னதில்லை. 'அம்மை வார்த்திருக்கிறது' என்றோம். வாசலில் வேப்பிலை செருகி, வந்தவளைத் தாயாக மதித்து, தணியும்படி வேண்டிக்கொண்டோம். கடுமையான வகை பிடித்தவர்களில் பத்துக்கு மூன்று பேரை அவள் கூட்டிக்கொண்டு போனாள். மீந்தவர்களில் பலருக்கு முகத்தில் பள்ளம், சிலருக்குக் கண்ணில் இருட்டு. கடைசிக் காலத்தில்கூட அவள் ஆட்டம் குறையவில்லை. 1974ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 1,88,000 பேருக்கு மேல் கண்டு, 31,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மறு வருஷம் மே மாதத்தோடு இந்த தேசத்தை விட்டே போனாள். 1980 மே 8ஆம் தேதி, பூமியிலேயே அவள் இல்லை என்று உலக சுகாதார சபை அறிவித்தது.

அவளை விரட்டியது புஜத்தில் குத்திய பால். சென்னை ராஜதானிக்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரிக்கவென்றே 1899இல் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் தோன்றியது. அந்தப் பாலில் இருந்தது உயிருள்ள கிருமி. பெரியம்மைக் கிருமிக்குச் சாதுவான ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். தோலில் வைத்துத் திருகுவார்கள். குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பும், பழுக்கும், பொருக்குத் தட்டும், விழும், தழும்பு நிற்கும். குழந்தைக்கு இரண்டு மூன்று நாள் ஜுரம். பாட்டிமார் அதையும் அம்மையாகவே பாவித்து, எண்ணெய்ச் சட்டி வைக்காமல் பத்தியம் காத்தார்கள்.

அந்த ஜுரத்தின்போது யாராவது ஒருவருக்கு நெஞ்சு வலித்திருக்குமா? வலித்திருக்கும். யார் கண்டார்கள்! இருதயத்தின் துடிப்பைக் கோடாக எழுதிக் காட்டும் ஈ.சி.ஜி. யந்திரம் கிராமத்துக்கு வந்ததா? குத்துகிறவர் காலையில் வந்து ஊரையே குத்திவிட்டு மாலையில் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பெரும்பாலும் குத்தப்பட்டவை குழந்தைகள். அவை வலியைச் சொல்லாது. எதிரே நின்றதோ பத்துக்கு மூன்று பேரைக் கொல்லும் நோய். அந்தத் தராசில் மறு தட்டில் கிடந்த ஒரு சிறு கல்லை எவரும் தேடவில்லை. தேடாததைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தேடியது, வியாதி விலகிப்போன ஒரு தேசம். பின்லாந்தில் வாலிபர்கள் எல்லோரும் கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்தாக வேண்டும். சேர்ந்தவுடன் அவர்களுக்குப் பல ஊசிகள் போடுவார்கள். அம்மை குத்துவதும் அவற்றில் ஒன்று. அங்குள்ள வைத்தியர்கள் 234 சிப்பாய்களை உட்கார்த்திவைத்து, ஊசிக்குப் பின் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். எட்டுப் பேருடைய கோட்டில் லேசான மாறுதல் இருந்தது. 1978இல் அதை வெளியிட்டார்கள். நோயென்று சொல்லும்படி நெஞ்சுவலியோடு வந்தவர்கள், அம்மை குத்திக்கொண்ட சிப்பாய்களில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு பின்னால் வந்தது.

பத்தாயிரத்தில் ஒருவர்! இந்தத் தொகையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒரு டாக்டர் தம் ஆயுளில் ஆயிரம் பேருக்கு ஊசி போட்டாலும் அந்த ஒருவரைப் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடலாம். ஊர் முழுக்கக் குத்தினாலும் அந்த ஒருவர் அடுத்த ஊரில் இருக்கலாம். பெரியவர் தம் புஜத்தைக் காட்டி, "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். பேரன் ஒரு மரணத்தைக் காட்டி, "அவருக்கு ஆயிற்றே" என்கிறான். இரண்டும் கண்ணால் கண்ட சாட்சிதான். ஆனால் பத்தாயிரத்தில் ஒன்றை ஒரு ஜோடிக் கண்ணால் காண முடியாது. அதைக் காண்பதற்கு ஒரே கருவி, கணக்கு. எத்தனை பேருக்குப் போட்டோம், எத்தனை பேருக்கு வந்தது, போடாதவர்களில் எத்தனை பேருக்கு அது தானாகவே வந்திருக்கும்: மூன்றும் தெரிந்தால்தான் ஒன்று தெரியும்.

அந்த மூன்றையும் அமெரிக்காவில் ஒரு சமயம் சேர்ந்தாற்போல் கணக்கெடுத்தார்கள். 2001இல் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபின், விரோதிகள் பெரியம்மைக் கிருமியையே ஆயுதமாக ஏவிவிடுவார்களோ என்ற பயம் வந்தது. 2002 டிசம்பரில் பட்டாளத்துக்கு மீண்டும் அம்மை குத்தத் தொடங்கினார்கள். மூன்று மாதத்துக்குள், முதன்முறையாகக் குத்திக்கொண்ட 2,30,734 பேரில் 18 பேருக்கு இருதயத் தசையிலோ உறையிலோ அழற்சி கண்டது. கிட்டத்தட்டப் பதின்மூன்றாயிரம் பேருக்கு ஒருவர். சாதாரணமாக அந்த வயதில், அந்தக் கால அளவில், லட்சம் பேருக்கு இரண்டு பேருக்கு வரக்கூடியது. இங்கே லட்சத்துக்கு ஏறக்குறைய எட்டு. வந்தவர்கள் எல்லோரும் வாலிப ஆண்கள். முன்பே எப்போதோ அம்மை குத்திக்கொண்டிருந்த 95,622 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர்களில் சுமார் 38,000 பேருக்குப் போட்டபோதும் 21 பேருக்கு இப்படி நேர்ந்தது. முடிவு என்ன? கண்ணெதிரே நோய் இல்லை. ஊசியின் தீங்கோ கண்ணெதிரே இருக்கிறது. இருதய நோய்க்காரரை விலக்கினார்கள்; பொதுஜன வேலைத்திட்டம் அப்படியே ஓய்ந்துபோயிற்று.

தழும்பு பெரியவரை ஏன் விட்டுவிட்டது என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஊசி என்பது உடம்பின் காவற்படைக்குப் பொய்ச் சண்டை காட்டிப் பழக்குகிற வித்தை. வாலிப உடம்பில் அந்தப் படை மிகவும் துடிப்பானது. பகைவனைத் தேடிப் புறப்பட்ட வேகத்தில், அபூர்வமாக, சொந்தக் கோட்டைச் சுவரையே இடித்துவிடுகிறது. இது ஒரு விளக்கமே. ஆண்களுக்கு ஏன் அதிகம் என்பதையெல்லாம் விஞ்ஞானிகள் இன்னும் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு வந்தது கொரோனா. 2021இல், புது முறையில் செய்த பைசர், மாடர்னா ஊசிகளைப் போட்டுக்கொண்ட வாலிபர்களில் சிலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முதலில் கவனித்தவர்களில் ஒருவர் இஸ்ரேல். அந்த வருஷம் ஜூன் மாதம் அமெரிக்க சர்க்கார் மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே அதைச் சேர்த்துவிட்டது. பைசரின் இரண்டாவது ஊசிக்குப் பின், பதினாறு பதினேழு வயதுப் பையன்களில் பத்து லட்சத்துக்கு 106 பேர். திரும்பவும் அதே பத்தாயிரத்தில் ஒருவர்! அக்டோபரில் ஸ்வீடனும் பின்லாந்தும் முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு மாடர்னாவை நிறுத்திவைத்தன. பின்லாந்தில் அது ஆண்களுக்கு மட்டும். தம் சிப்பாய்களின் நெஞ்சைக் கோடு போட்டுப் பார்த்த அதே தேசம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒரு முறை எண்ணிப் பழகியவர்கள் மறு முறை எண்ணத் தயங்குவதில்லை.

அழற்சி வந்தவர்களில் பெரும்பாலோர் சில நாள் சிகிச்சையில் தேறிவிட்டார்கள். இன்னொரு கணக்கையும் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். இஸ்ரேலில் லட்சக்கணக்கானவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஊசியால் கூடுதலாக வந்த இருதய அழற்சி லட்சத்துக்கு மூன்று பேருக்குக் கீழே. கொரோனா நோயால் வந்ததோ லட்சத்துக்குப் பதினொன்று. அதாவது எந்தக் கேட்டுக்குப் பயந்து ஊசியை விட்டு ஓடினோமோ, அதே கேடு நோயிடம் அதிகமாகக் காத்திருந்தது.

நம் நாட்டில் பெரும்பாலோருக்குப் போட்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும். பைசரோ மாடர்னாவோ அல்ல. இருந்தும், ஆடுகிற இடத்தில், ஓடுகிற இடத்தில் இளைஞர்கள் திடீரென்று விழுந்து சாகிறார்கள் என்ற செய்திகள் வந்தபோது பழி ஊசிமேல் விழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 47 ஆஸ்பத்திரிகளில் விசாரித்தது. ஆரோக்கியமாக இருந்து திடீரென்று இறந்த, 18 முதல் 45 வயதுவரையான 729 பேர். அவர்களுக்கு ஈடாக உயிரோடு இருக்கிற 2,916 பேர். 2023இல் முடிவு வெளிவந்தது. ஊசியால் அந்த ஆபத்து கூடவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களிடம் குறைந்தே இருந்தது. கொரோனாவில் ஆஸ்பத்திரிப் படுக்கை கண்டது, குடும்பத்தில் இப்படிச் செத்தவர் இருப்பது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுமீறிக் குடித்தது, உடம்பைக் கடுமையாக வருத்தியது, இவைதான் ஆபத்தைக் கூட்டின.

இத்தனை கணக்கும் இருக்கிறதே, பின் ஏன் பையன் ஏரிக்கரையில் ஒளிந்தான்? அவனுக்கு அன்று யாரும் கணக்குச் சொல்லவில்லை. ஒலிபெருக்கி "பயப்படாதே" என்றது. கைபேசி "செத்துப்போவாய்" என்றது. இரண்டும் அதட்டல்.

அதட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் நம் ஊரில் நீண்ட சரித்திரம் உண்டு. இருநூறு வருஷத்துக்கு முன், அம்மை குத்துவது இங்கே புதிதாக வந்த நாளில், ஜனங்கள் நம்பவில்லை. அப்போது சென்னையில் கலெக்டராக இருந்தவர் எல்லிஸ் துரை. தமிழ் படித்தவர், குறளில் தோய்ந்தவர், தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் எடுத்துக் காட்டியவர். அவர் என்ன செய்தாராம் தெரியுமா? அம்மை குத்துவதைப் பற்றி வடமொழியில் தாமே சுலோகம் இயற்றி, பழைய தாளில் எழுதி, எங்கோ கண்டெடுத்த பழஞ்சுவடி போல உலவவிட்டார் என்று அந்நாளிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தன்வந்திரி வாக்கு என்றால் கேட்பார்கள் அல்லவா? எண்ணம் நல்லதுதான். பொய்யினால் நன்மை விளையும் என்றால் பொய்யும் வாய்மையே என்று அவர் குறளிலேயே சமாதானம் தேடியிருக்கலாம். ஆனால் வள்ளுவர் அதற்குக் குற்றமற்ற நன்மை என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பொய் என்று தெரிந்தபின், அடுத்த முறை மெய்யைச் சொன்னாலும் நம்ப ஆள் கிடைப்பதில்லை என்பது அந்தக் குற்றம்.

இதற்கு நேர் எதிரான ஒரு காரியமும் இந்த மண்ணிலேயே நடந்தது. காசநோய்க்கு பி.சி.ஜி. ஊசி தேசமெங்கும் போட்டுவந்த காலத்தில், 1955இல், ராஜாஜி அதை எதிர்த்துச் சிறு புத்தகமே வெளியிட்டார். மந்திரி பதவியிலிருந்து இறங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வைத்தியம் படிக்காதவர் ஏன் இதில் தலையிடுகிறார் என்று டாக்டர்கள் கோபித்தார்கள். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் சந்தேகத்துக்கு விடை வேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

விடை தேடப்பட்டது. 1968 ஜூலையில் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு பரிசோதனை தொடங்கியது. திருவள்ளூரைச் சுற்றிய 209 பஞ்சாயத்துகள். பெயர் பதிந்தவர்கள் 3,66,625 பேர். ஊசி பெற்றவர்கள் 2,81,161 பேர். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் நீர். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. 1971 மார்ச் வரை குத்தினார்கள். பிறகு வீடு வீடாகப் போய், சளியை எடுத்து, படம் பிடித்து, வருஷக் கணக்கில் தொடர்ந்தார்கள். நம் நாட்டில் ஏழரை என்றால் சனி என்று பயப்படுவோம். ஏழரை வருஷம் முடிந்ததும் 1979இல் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை! பதினைந்து வருஷம் பார்த்தும் அதே முடிவு.

எத்தனை சங்கடமான விடை! சர்க்கார் முப்பது வருஷமாகப் போட்டுவந்த ஊசி. மறைத்திருக்கலாம்; பூசி மெழுகியிருக்கலாம். மறைக்கவில்லை, உலகம் முழுவதும் படிக்கும்படி அச்சிட்டார்கள். அதனால் பி.சி.ஜி. செத்துப்போயிற்றா? இல்லை. பச்சைக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசத்திலிருந்து அது காக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டின. அதற்காகப் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம், தாய்மார் கையை நீட்டித்தான் தருகிறார்கள். எது செய்யும், எது செய்யாது என்று சொல்லிவிட்ட மருந்தை ஜனங்கள் கைவிடுவதில்லை.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி டீக்கடைக்குப் போனேன். பையன் இருந்தான். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்: விவேக்குக்கு நேர்ந்தது வேறு, இருதய அழற்சி என்று ஒன்று உண்மையிலேயே உண்டு, அது வேறு சில ஊசிகளுக்கு, உன் வயதுப் பையன்களுக்கு, பத்தாயிரத்தில் ஒருவருக்கு வந்திருக்கிறது, நோய் வந்தால் அதே கேடு அதைவிட அதிகம், ஊசி போட்டு ஒரு வாரத்துக்குள் நெஞ்சு வலித்தால் வாயு என்று விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பையன் பொறுமையாகக் கேட்டான். "இப்பிடி அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா நான் போட்டுக்கினு இருப்பேன் சார்" என்றான். எனக்கு உள்ளூர ஒரு வெற்றிச் சந்தோஷம். ஆனால் அவன் விடவில்லை. "சரி சார். அந்தப் பத்தாயிரத்திலே ஒருத்தன் நானா இருந்தா?"

பெரியவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

கணக்கு அந்த இடத்தில் வாயடைத்துப்போகிறது. பத்தாயிரம் என்பது ஊருக்குத்தான் பத்தாயிரம். அந்த ஒருவனுடைய தாய்க்கு அது ஒன்றில் ஒன்று.

எனக்கு உடனே இந்த ஏரிதான் நினைவுக்கு வந்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு இதன் மதகுகளிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் வெளியேறியது. கரை உடைந்தால் அழிவு பன்மடங்கு; ஆகையால் திறக்கத்தான் வேண்டியிருந்தது என்றார்கள். அடையாற்றில் மழைத் தண்ணீர் எவ்வளவு, ஏரித் தண்ணீர் எவ்வளவு என்ற வழக்கு இன்னொரு நாளைக்கு. ஆனால் ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்த வழக்கு அல்ல பெரிது. 'திறக்கப் போகிறோம் என்று எனக்கு ஏன் முன்னால் சொல்லவில்லை? ஊருக்காக என் வீடு போயிற்றே, ஊர் எனக்கு என்ன செய்தது?' அவன் கேட்டது இந்த இரண்டுதான்.

ஊசியிலும் அந்த ஒருவன் கேட்பது இந்த இரண்டுதான். முதல் கேள்விக்கு, 2022 மே 2ஆம் தேதி நம் சுப்ரீம் கோர்ட் ஒரு பதில் சொன்னது: எவரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது, ஊசியால் நேர்ந்த தீங்குகளின் விவரத்தை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பிரிட்டன் 1979இலும் அமெரிக்கா 1986இலும் சட்டம் செய்தன. யார் தவறு என்று நிரூபிக்கச் சொல்லாமலே, ஊருக்காக ஊசி போட்டுக்கொண்டு கெட்டவனுக்கு ஊர்ப் பணத்திலிருந்து ஈடு கொடுப்பது. நம் மத்திய சர்க்காரோ 2022 நவம்பரில், இரண்டு பெண்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், ஈடு கொடுக்கும் பொறுப்பு தனக்கில்லை, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பிரமாணம் செய்தது. 220 கோடி ஊசி போட்ட தேசம் சொன்ன வார்த்தை அது. எனக்கு அது சிறியதாகப் பட்டது.

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் பிழைத்த பிழைப்பில் அந்த ஒருவனுடைய பங்கு இருக்கிறது. அது தானமல்ல, நம் கடன். கடனை மறுக்கிற ஊர் அடுத்த தடவை கை நீட்டு என்று சொல்லும்போது, பிள்ளைகள் ஏரிக்கரையில் போய் ஒளியத்தான் செய்வார்கள்.

"நீயாக இருந்தால், தம்பி," என்றேன், "அதை மறைக்காமல் எழுதுவதும், உன்னைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் எல்லோருடைய கடமை. அதை இன்னும் ஒழுங்காகச் செய்யவில்லை. அதுவும் உண்மை."

பையன் தலையை ஆட்டினான். பெரியவர் மறுபடி டீயை ஆற்றத் தொடங்கினார்; தழும்புகள் ஏறி இறங்கின. வெளியே வந்து கரைமேல் ஏறினேன். மதகருகே தண்ணீரின் உயரம் காட்டும் அளவுகோல் நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த எவனும், கரையில் நின்றபடியே, இன்றைக்கு எத்தனை அடி என்று வாசித்துக்கொள்ளலாம். வாசித்தேன். இருபத்தொன்றரை.